ஏழாம் குழி

லூப்லியானாவுக்குத் தெற்கே சதுப்பு.
பதினொரு மணியாகியும் பனி விலகவில்லை.
ஏழாம் குழியில்
ஒரு சாண் அகல ஓக் கம்பம்
கோடரி வெட்டிய முகம் மழுங்காமல்
நேற்று நட்டதுபோல் நிற்கிறது.

நகத்தால் அழுத்தினேன்.
வெண்ணெய்.

துளையில்லை, தூளில்லை, கரையான் ஏறிய தடமில்லை.
உளுத்ததென்று சொல்ல வாய் வரவில்லை.
"எப்படி இருக்கிறது?" மேலிருந்து யெர்னெய்.
"நனைந்திருக்கிறது" என்றேன்.

சவர அலகால் சீவிய துணுக்கு
ஆய்வகத்தில், கண்ணாடித் தகட்டில்.
ஒளியைத் திருகினால்
நல்ல மரம் முழுக்க மின்னவேண்டும்.
இதில் ஒரு சுவர் மின்னுகிறது,
அடுத்த நான்கும் இருட்டு:
கரண்ட் போன தெருவில்
ஜெனரேட்டர் வைத்த வீடு மாதிரி.

காற்றே இல்லாத சேற்றில்
பாக்டீரியாக்கள் குடியிருந்திருக்கின்றன.
இழையின் உள்ளிருந்து தொடங்கி
தன் உடம்பு கொள்ளும் அகலத்துக்கு மட்டும்
ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால்.
இழைகளை ஒட்டிவைத்த சாந்தை
ருசிக்காதென்று விட்டுவிட்டன.
தின்ற இடத்திலெல்லாம் தண்ணீர் வந்து அமர்ந்திருக்கிறது.
வடிவம் மரத்தினுடையது.
நிற்பது தண்ணீர்.

நிலத்துக்காரர் ஸ்ரெச்கோ
ரப்பர் பூட்ஸோடு எட்டிப் பார்த்தார்.
"எத்தனை நாளாகத் தின்கின்றன?"
"ஐயாயிரம் வருடம்."
"இன்னும் முடிக்கவில்லையா?
என் பன்றிகளிடம் விட்டிருக்கவேண்டும்."
சிரித்தோம்.

பிறகு கம்பத்தின் தலையைக் காட்டினேன்.
மேலே நாலு விரல் உயரம், கறுத்து, வெடித்து.
அங்கே தின்பது வேறு ஆள்: பூஞ்சை.
காற்று எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இறங்கும்.
அதற்குப் பொறுமை கிடையாது.
நீர்மட்டம் தாழ்ந்தது எந்த வருடம் என்று
நான் கேட்கவில்லை.
அவர் வரப்போரத்துப் பம்பைப் பார்த்தார்.
"மக்காச்சோளம் தண்ணீரில் நிற்காதே" என்றார்,
என்னிடம் இல்லை, கம்பத்திடம்.

வெள்ளிக்கிழமை ஜன்னலோரம்
ஒரு துண்டை மறந்து போயிருந்தேன்.
திங்கள் காலை
கத்தரி வற்றல்.
எந்தத் தண்ணீரும் அதை மறுபடி மரமாக்காது.
குறிப்பேட்டில் என் கவனக்குறைவு என்று எழுதி
கையெழுத்திட்டேன்.

குழியை மூடினோம். அதே சேறு, அதே வரிசையில்.
கடைசியாய்த் தெரிந்தது கோடரி முகம்.
யெர்னெய் வாளிவாளியாக ஊற்றினான்,
போதும் என்ற பிறகும்.

வழக்கமாய் ஆறு மணிக்குப் பம்பு இரையும்.
காருக்குள் சன்னலை இறக்கிவிட்டுக் காத்திருந்தேன்.
ஆறு. ஆறே கால். ஒரு நாரை.
ஆறரைக்கு
இரைய ஆரம்பித்தது.