உள்வரவுத் தபால் எண் 1147

மண்டல அலுவலகத்தில்
உள்வரவுத் தபால் என்னுடைய பிரிவு.
ஒரு மேஜை, ஒரு முத்திரை,
எச்சில் தொட்டால் மட்டும் உயிர்க்கும் மைப்பெட்டி.
எதிர்ச்சுவரில் நீலப் பெயின்ட்டில் ஒரு வாசகம்:
இளைஞர்களே நாட்டின் தூண்கள்.
போன டிசம்பரில் ஈரம் ஏறிக்
காரை பெயர்ந்ததில்
இளைஞர்களே நாட்டின் தூ
என்பதோடு நிற்கிறது.

அவர்கள் மூன்று பேர்
வியாசர்பாடியிலிருந்து வந்தார்கள்.
ரோஸ்லின், குரூப் ஃபோருக்கு மூன்றாம் முறை படிப்பவள்.
இர்ஃபான், தையல்கடை.
மேகவர்ணன்
தோளில் சாப்பாட்டுப் பையைக்கூட இறக்கவில்லை,
வெளியே வண்டி அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது.

மேஜையில் வைத்தது மனு இல்லை,
நாற்பத்தொரு பக்க நோட்டு.
வீடு வீடாக ஏறி
வெள்ளம் நின்ற உயரத்தைத்
தையல் டேப்பால் அளந்திருந்தார்கள்.
கதவிலக்கம் 9, எழுபத்திரண்டு சென்டிமீட்டர்,
சிலிண்டரின் கழுத்து.
கதவிலக்கம் 14, தொண்ணூறு,
பீரோவில் இரண்டாம் தட்டு, மகளின் சான்றிதழ்கள்.
கதவிலக்கம் 22,
அளவு இல்லை.
"அந்த வீட்ல யாரும் பேசல சார்.
அதனால கோடு மட்டும் போட்டோம்."

உதவிப் பொறியாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார்.
"இந்த இடம் எங்க வரைபடத்துல ஏரிம்மா."
"மழையும் அதையேதான் சார் சொல்லுது"
என்றான் மேகவர்ணன்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் கொஞ்சம் சிரித்திருப்பேன்,
குனிந்துகொண்டேன்.

முதல் முறை நகல் இல்லை என்று அனுப்பினோம்.
அடுத்த முறை பிரிவு அலுவலர் விடுப்பு.
மூன்றாவது வருகையில்
ரோஸ்லின் உட்காரவில்லை.
ஒப்புகைச் சீட்டு, அதில் ஓர் எண்,
அது வரும்வரை நிற்பதாகச் சொன்னாள்.
"எங்க வயசுல இத்தனை கோடி பேருன்னு
எங்க போனாலும் சொல்றாங்க.
எண்ணிக்கையாவே இருந்து அலுத்துப்போச்சு சார்.
ஒருதடவ நாங்க எண்ணிப் பார்க்கிறோம்."
மேடைக்குத் தயாரித்த வசனம் என்று நினைத்தேன்.
பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.
மூடியில்லாத சாக்கடை வாய்கள் பதினேழு.
அதில் ஒன்று
என் மகன் டியூஷன் போகும் வழியில்.

இருபத்தாறு வருடமாக
தாள்களின் தலையில் அடித்துவருகிறேன்.
அன்றுதான் ஒரு தாள்
என்னைத் திருப்பி அடித்தது.
எச்சில் தொட்டு முத்திரை குத்தினேன். 1147.
அந்த எண்ணைக்
கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்,
பிறந்த குழந்தையைப் படமெடுப்பதுபோல
மூன்று பேரும் குனிந்து.

போகும்போது இர்ஃபான் சுவரைப் பார்த்தான்.
"என்ன சார் அது, தூ?"
தூண்கள், என்றேன்.
"தூணுன்னா நகர முடியாதே.
கூரையில யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு
தெரியவும் தெரியாது."
மேகவர்ணனுக்குள் ஒரு ஆர்டர் மணி அடித்தது.
ஓடினான்.

இதற்குப் பிறகு
எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான்.
கோப்பு இன்னும் இரண்டாம் மாடியில் இருக்கிறது.
திங்கள்தோறும் ரோஸ்லின் வருகிறாள்,
எண்ணைச் சொல்கிறாள்,
நான் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்குகிறேன்.
முழங்கால் வலிக்கிறது.
முந்தாநாள் அந்த வரைபடத்தில்
ஏரியின் குறுக்கே
மெல்லிய சாம்பல் கோடொன்று முளைத்திருந்தது.
தெரு என்று இன்னும் பெயரிடவில்லை.

ஆணையர் வருகிறாராம்.
சுவருக்கு வெள்ளையடிக்க வந்த பையன்
தூரிகையை நனைத்தபடி கேட்கிறான்:
"தூ–க்கு அப்புறம் என்ன சார் எழுதணும்?"

ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது.
வடக்கே முதல் இடி.
"ர் போடு" என்கிறேன்.
"தூர்.
வாருங்கள் என்று முடிக்க
இடம் இருக்கிறதா பார்."