மீதிப் பன்னிரண்டு

ஒப்பந்தத் தாளில் என் வேலை ஒரே வரி:
கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் ஐம்பத்தாறு நொடி,
முப்பதாவது கிலோமீட்டர் வரை.
அதற்குமேல் நான் சாலையில் இருக்கக் கூடாது.

மற்றவர்களுக்குப் பெயர் அச்சிட்ட நெஞ்சில்
எனக்கு 'வேகம்' என்று மட்டும் போட்டிருக்கும்.
எதிர்காற்றை முதலில் நான் வாங்கிக்கொள்வேன்.
பின்னால் வருகிறவர்கள்
என் முதுகில் வியர்வை பரவுவதைப் பார்த்தபடி
யோசிக்காமல் வரலாம்.
யோசிப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கூலி.

செவில்லா, ஒசாக்கா, ப்ராக். பதினோரு ஆண்டுகள்.
அந்தக் கூலியில் கப்தாரக்வாவில்
இரண்டு பசு, தகரக் கூரை, மழைநீர்த் தொட்டி,
தம்பி கிப்சிலாட்டுக்குத் தாதியர் படிப்பு
(ஒன்றரை ஆண்டு மட்டும்;
அப்புறம் என் முழங்கால் வீங்கிய பருவம் வந்தது).
பிழைப்பு எப்படி என்று கேட்டால்
ஓடுது என்பார்கள் எல்லோரும்.
என்னுடையது முக்காலுக்கும் சற்றுக் குறைவாக ஓடுது.

பழக்கம் காலோடு நிற்பதில்லை.
கோயிலில் ஆமெனுக்கு முன்பே எழுந்துவிடுகிறேன்.
உகாலியின் கடைசிக் கவளம் தட்டிலேயே காயும்.
வாய்ச்சண்டை உச்சத்துக்குப் போகும் நேரம்
முற்றத்தில் போய் நின்றுகொள்வேன்.
"இதையாவது முடிச்சிட்டுப் போ"
என்று உள்ளிருந்து கத்துவாள் ஜெமெலி.

மகள் செரோப் போன மாதம் கேட்டாள்:
"முப்பதுக்கு அப்புறம் என்னப்பா இருக்கும்?"
கூட்டம், தண்ணீர்க் குவளை, ஆரஞ்சுத் தோல் என்றேன்.
"நீ பார்த்தியா?"
ஒரு வேன் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும் என்றேன்.
"அப்ப பாக்கல."

நேற்று ராட்டர்டாம்.
இரண்டாம் தடவை பாலம் ஏறும்போது
என் ஜோடிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான்.
தனியாக இழுத்தேன்.
முப்பதாவது பலகை: ஒரு மணி இருபத்தெட்டு நிமிடம்,
இரண்டு நொடி பிசகு.
விலகினேன். ஆறு பேர் தாண்டிப் போனார்கள்.
கடைசியாகப் போன எரித்ரியாக்காரன் மட்டும்
ஒற்றை விரலைத் தூக்கினான்.
அந்த வேகத்தில் நன்றிக்கு அவ்வளவுதான் இடம்.

இன்று விமானத்துக்கு எட்டு மணி நேரம் இருந்தது.
ட்ராமில் போய் அந்தக் கம்பத்தடியில் இறங்கினேன்.
பையை முதுகில் மாட்டிக்கொண்டு
கல்யாணத்துக்கு வாங்கிய தோல் காலணியோடு
நடக்கத் தொடங்கினேன்.

சாலையைக் கார்கள் திரும்ப வாங்கிவிட்டிருந்தன.
சிவப்பு விளக்குக்கெல்லாம் நின்றேன்.
ஏரிக்கரையில் இரண்டு காற்றாலை, ஒன்று மட்டும் சுற்றியது.
யாரோ கடித்து எறிந்த ஜெல் உறையை
ஒரு வாத்து கொத்திப் பார்த்துத் துப்பியது.
கொஞ்ச தூரத்தில் வாந்தி, அதன்மேல் மணல்.
மரத்தில் கட்டிய அட்டையில் குழந்தைக் கையெழுத்து.
நாயோடு வந்த பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன்.
"அம்மா, சூப் ஆறிடும்" என்று எழுதியிருக்கிறதாம்.
அவளும் அப்போதுதான் படித்தாள் போல,
சிரித்துக்கொண்டே போனாள்.

குதிகாலில் கொப்புளம்.
ஓடும் ஆளுக்கு நடந்து வந்த கொப்புளம்.

கடைசித் தெருவில்
கம்பித் தடுப்புகளை லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
நீலக் கோட்டை ஒருவன் இயந்திரம் வைத்துச் சுரண்டினான்.
எது முடிவு என்று கேட்டேன்.
பூட்ஸால் தட்டிக் காட்டினான்.
தாண்டட்டுமா என்று கையால் கேட்டேன்.
என்னை, பையை, காலணியைப் பார்த்தான்.
இயந்திரத்தை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

கடிகாரத்தை அமுக்க மறந்துபோனேன். நான்.

அங்கேயே உட்கார்ந்து செரோப்பைக் கூப்பிட்டேன்.
முப்பதுக்கு அப்புறம் ஒரு சூப் இருக்கு என்று ஆரம்பித்து
வாத்து, காற்றாலை, நாய், கொப்புளம்
எல்லாம் சொல்லி, கோடு வருவதற்குள்
போனில் காசு தீர்ந்து அறுந்தது.

எழுந்து
கடை தேடிப் போகிறேன்,
காசு போட.