நிலவறையில் உலோகங்கள்

டொலிடோவில், பிப்ரவரியில்,
கண்ணாடித் தொழிற்சாலையில் நாற்பது வருஷம்
இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டுச் செத்துப்போன
ஆர்வில் ஸ்டான்சாக்கின் நிலவறைக்கு
விலை பேச மூவர் இறங்கினோம்.
லேலண்ட் ப்ரூயட்டிடம் கைவிளக்கு.
மார்கெரிட் டூஃபெக்கிடம் பருத்திக் கையுறை.
என்னிடம் காலி அட்டைப்பெட்டிகள்,
மை தீரப்போகிற ஒரு மார்க்கர்.

"எழுது," என்றார் லேலண்ட். "பொன்."
எழுதினேன்.
"வெள்ளி. வெண்கலம். செம்பு."
செம்போடு கையிருப்பு தீர்ந்துவிட்டது போலும்;
"அப்புறம் நவீனம்," என்றார், இருமிக்கொண்டே.

பொற்காலத்தில் இருந்தவர் எவருக்கும்
அது பொற்காலமென்று தெரியாது.
பத்து சென்ட் காமிக்ஸ்.
சலூனில் முறைக்குக் காத்திருக்கையில் படித்து
நாற்காலியிலேயே போட்டுவிட்டு வருவது.
பின்னால் வந்ததற்கு
வெள்ளி என்று ஒருவர் பேர்வைத்த பிறகுதான்
முன்னால் போனதற்குப் பொன் பூசவேண்டி வந்தது.
அத்தோடும் நிற்கவில்லை.
எவனோ ஒருவன் ஏதோ ஒரு பரணில்
அதைவிட மூத்த தாள்களைக் கண்டெடுக்க,
பொன்னுக்கு முன்னால் உட்காரவைக்க
பிளாட்டினம் தேடி ஓடினார்கள்.

வெள்ளி எந்த மாதம் முடிகிறது?
இந்த ஒரு கேள்விக்காக
இவர்கள் இருவரும் இரண்டு வருஷம்
முகம் கொடுத்துப் பேசியதில்லை.
லேலண்டுக்கு அது கல்லாக் கணக்கு:
அட்டையில் பன்னிரண்டு சென்ட்
பதினைந்தான மாதம்.
மார்கெரிட்டுக்கு,
பறக்கத் தெரிந்தவன் ஒருவன்
பறந்துபோயும் காப்பாற்ற முடியாத மாதம்.
"கண்ணீரை வைத்தா தேதி போடுவாய்?"
"சில்லறையை வைத்தா?"
அதன்பின் நிலவறைக்குள்
வெண்கலக் கடையில் யானை புகுந்த சத்தம்.

காபியோடு இறங்கி வந்தாள் மகள் வெர்னா.
பொன் என்று எழுதிய பெட்டியில் பதினொன்று.
"முந்நூறு இருந்ததாம்," என்றாள்.
"யுத்தத்துக்குப் பழைய காகிதம் வேண்டுமென்று
பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம்.
அப்பா தன் சிவப்பு இழுவண்டியில்
தானே அடுக்கி, தானே இழுத்துப் போனாராம்.
ஒரு தகரப் பதக்கம் கொடுத்தார்கள்.
இங்கேதான் எங்காவது கிடக்கும்."
லேலண்ட் கண்ணை மூடித் திறந்தார்.
அவருக்குள் ஓடிய தொகையை நான் சொல்லப்போவதில்லை.
ஆனால் ஊர் ஊராய் அந்த வண்டிகள்
போயிருக்காவிட்டால்
இந்தப் பதினொன்று பத்தரை மாற்று ஆகியிருக்குமா?
கூழாய்ப் போனதுதானே
மிஞ்சியதற்கு உரைகல்.

அவற்றில் ஒன்றில், கடைசித் தாளில்
கத்தரித்தெடுத்த ஒரு சதுரம்.
சதுரத்துக்குள்
முந்தைய பக்கத்து வில்லனின் காது.
"கூப்பன் போயிருக்கிறது. முழுமையில்லை,"
பத்தில் ஒரு பங்கு விலை சொன்னாள் மார்கெரிட்.
எதற்கு வெட்டினார் என்று நான்தான் கேட்டேன்.
"பேர் பொறித்த பென்சில், அரை டஜன்.
காசை வாங்கிக்கொண்டு அந்தக் கம்பெனி அனுப்பவேயில்லை.
போன கிறிஸ்துமஸ்கூட
அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்."

உறையில் இடும் முன்
ஒவ்வொன்றையும் நடுப்பக்கம் விரித்துப் பார்ப்பது என் வேலை.
பொன்னிலும் சரி, வெள்ளியிலும் சரி, வெண்கலத்திலும் சரி,
மடிப்பில் இருப்பது அதே இரண்டு கம்பி.
இரும்பு.
துரு மெல்லத் தாளில் இறங்கி
எழுத்தைத் தாண்டி, வானத்தைத் தாண்டி,
யாருடைய முழங்காலிலோ
பழுப்பாய் நின்றிருக்கிறது.
இரும்பு என்று எழுத
எந்தப் பெட்டியும் இல்லை.

பேரம் படிந்தது. காசோலையும் எழுதியாயிற்று.
"ஓட்டை விழுந்ததை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்,"
வெர்னா கையில் எடுத்தாள்.
எடுத்து,
இரண்டாய் மடித்து, மறுபடி நான்காய் மடித்து,
கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

"ஐயோ!" என்றார்கள்
லேலண்டும் மார்கெரிட்டும், ஒரே மூச்சில்.
நான் பார்த்தவரை
அவர்கள் ஒத்துப்போனது
அந்த ஒரு முறைதான்.