பிரிந்து வாழும் தேதி

மூன்றாம் பத்தியில் ஓர் இடம் காலி.
"…… தேதி முதல் மனுதாரர்கள் இருவரும்
தனித்தனியே வாழ்ந்து வருகிறார்கள்"
அதுவரை அடித்துவிட்டு சுகுணா நிமிர்கிறாள்.
எந்தத் தேதிங்க போடட்டும்?

கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு எதிரே
டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன்.
கடையில் ஒரே பெஞ்சு, அதனால்
பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம்
முதல் மனுதாரர் வேடியப்பன்,
இரண்டாம் மனுதாரர் நாகவேணியாகிய நான்.
நடுவில் ஜவுளிக்கடைப் பை.
அதற்குள் கல்யாணப் பத்திரிகை,
மாலையோடு நிற்கும் படம்,
இரண்டு ஆதார்.
அட்ரஸ் ரெண்டுலயும் ஒண்ணா இருக்குதே
என்கிறாள் சுகுணா, குற்றம் சொல்வதுபோல் இல்லாமல்.

திருமணம் நடந்த தேதி பத்திரிகையில் இருந்தது.
நாள், நட்சத்திரம், லக்கினம்,
காலை ஆறிலிருந்து ஏழரைக்குள்.
இதற்கு யாரும் பத்திரிகை அடிக்கவில்லை.

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்த ராத்திரியா?
ஓசூரிலிருந்து இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தவர்
தானே போட்டுச் சாப்பிட்டு
தானே கழுவியிருந்தார்.
நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.
பிறகு தினமும் கவிழ்ந்திருந்தது தட்டு.
இல்லை, இரண்டு ஏக்கர் பெங்களூராவை
குத்தகைக்கு விட்டதை
காவேரிப்பட்டணம் பஸ்ஸில் யாரோ சொல்லிக்
கேட்டுக்கொண்டேனே, அன்றா?
நம்ம வண்டி என்றது
உங்க வண்டி ஆனது எந்தக் கிழமை?
கேட்டால் சொல்ல
சாட்சி கிடையாது.

ஒரு வருசம் தாண்டி இருந்தாப் போதும்,
வக்கீலம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஆடிப் பதினெட்டு?" என்றேன் நான்.
"அன்னிக்கு டேமுக்குப் போனோமே" என்றார்.
"மீன் வறுவல் தின்னோம்.
உனக்கு முள்ளு மாட்டிக்கிச்சு."
"அப்ப தைப்பொங்கல்?"
"எங்கக்கா வீட்டு காதுகுத்துக்கு
ஒரே வண்டியிலதான போனோம், மூணு நாள்."
சுகுணா சிரித்துவிட்டாள்.
நாங்களும் சிரித்தோம்,
அப்புறம் அது நின்றது.
பின்னால் பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பி
டோக்கன் இல்லாத வரிசையில் முணுமுணுக்கிறார்கள்.

ஏதோ ஒண்ணு சொல்லுங்க.
அடுத்த ஆள் நிக்கறாங்க.

"மார்ச் நாலு" என்றார்.
"இந்த வருசம் இல்ல, அதுக்கு முந்தினது.
திங்கக்கிழமை."

யோசிக்கவே இல்லை.
இத்தனை நேரம் அதைச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான்
என் தேதிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாரா?
"அன்னிக்கு என்ன?" என்றேன்.
"ஒண்ணுமில்ல. போடும்மா."
சுகுணா போட்டாள்.
நாலு எழுத்தும் ஒரு புள்ளியும்தான், பத்தி நிறைந்துவிட்டது.

மூன்று நகல், பக்கத்துக்குக் கையெழுத்து.
ஒரே பேனா. அவர் எழுதி மூடாமல் நீட்ட,
நான் எழுதி மூடித் தந்தேன்.
முந்நூற்றிருபது ரூபாய்.
நூற்றறுபது, நூற்றறுபது.
ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை வந்து
அதே மனதோடு இருப்பதாகச் சொல்ல வேண்டும்.

பஸ் ஏறியதும் போனைத் தேடினேன்.
மார்ச் நாலு. ஒரே ஒரு படம்.
கரண்டு பில் கூட வந்ததென்று
மீட்டரை எடுத்திருக்கிறேன்.
இருட்டு, எண்கள், ஒட்டடை.
ஓரத்தில்
எனக்காக டார்ச் பிடித்திருக்கும் கை.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
விரல் கலங்கி, பிறகு
கட்டம் கட்டமாக உடைந்தது.

யூனிட் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.