பூம்பாறையில் ஒரு ரிலே

இரவு பதினொன்று.
பூம்பாறைக்கு மேலே, பூண்டு வயலோரம்
திருப்பூர்ப் பதிவெண்ணோடு ஒரு வீட்டு வண்டி.
உள்ளே நாலு பேர், ஆறு கம்பளி.
"ஹீட்டர் வருதுங்க, அஞ்சு நிமிசம். அப்பறம் நின்னுக்குது"
என்றார் ராக்கியப்பன்,
பனியன் கம்பெனிக்காரர், ஸ்வெட்டர் இல்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.
ஃபியூஸ் போகவில்லை.
பேட்டரி பன்னிரண்டரை வோல்ட்.
எர்த் போல்ட்டைச் சுரண்டினேன், துருவும் இல்லை.
ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஒரே போர்டு;
யாரோ அவசரத்தில் சுற்றிய கறுப்பு டேப்,
அதன்மேல்தான் சந்தேகம். பிரித்தேன்.
பாவம், அது நிரபராதி.

மீட்டர் முள்ளைவிட என் விரல் அதிகம் ஆடியது.
"டீ குடிச்சுட்டுப் பாருங்கண்ணா" என்று அவர் மனைவி
நாலாம் தடவையாக அடுப்பைப் பற்றவைத்தார்.

டிக்.

ரிலே விழுந்தது.

அடுப்புக்கு ஒரு சாண் மேலே,
மசாலா டப்பா மறைவில்,
மிளகளவு சென்சார்.
ஆவி பட்டதும் நம்பிவிட்டிருக்கிறது,
மலையே கொதிக்கிறதென்று.

குளிருக்குத்தான் டீ.
அந்த டீயால்தான் குளிர்.

கட்டிலடிக்கு இழுத்தேன்.
ஒயர் ஒரு முழம் போதவில்லை.
என் ஜீப்பின் ஹாரன் ஒயரை வெட்டி ஒட்டினேன்.

இதோ இறங்குகிறேன்,
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
வாயாலேயே ஹாரன் அடித்தபடி.