பீச்சாங்கைப் பக்கம்

ஹாத்திம் சேட் உடனே பெட்டியைத் திறக்கவில்லை.
டீ சொன்னார்.
பிராட்வே இரைச்சலுக்குக் கதவைச் சாத்தினார்.
பிறகு, பச்சைத் துணிக்குள் இரண்டு துண்டாய்ப் படுத்திருந்ததை
ஒன்றோடொன்று சேர்த்தார்.
ஒரு க்ளிக்.
இருபத்தொன்பது வருஷம் ஹார்பரில்
கன்டெய்னர் பூட்டுகளைக் கேட்ட காது இது.
இவ்வளவு சின்னதாய், இவ்வளவு முடிவாய்
ஒரு சத்தம் கேட்டதில்லை.

யானைக்கும் காட்டெருமைக்கும் செய்தது, என்றார்.
இரட்டைக் குழல்.
வால்நட் கட்டையில், எண்ணெய் தேய்த்துத் தேய்த்து,
புகை உள்ளேயே உறைந்ததுபோல் ரேகை.
விசைக்காப்பில் ஒரு காட்டெருமை,
அதன் மூக்கருகே மூன்று தாள் புல்.
மூன்றாவது தாளில் உளி கொஞ்சம் வழுக்கியிருந்தது.
எனக்கு முதலில் பிடித்தது அந்த வழுக்கல்தான்.

"வருஷக்கணக்கா கெடக்கு. யாருக்கும் ஒட்டல.
வளைஞ்சிருக்குன்னு வெச்சிட்டுப் போயிடறாங்க."

தூக்கினேன்.
பீச்சாங்கைப் பக்கம்தான் தூக்கினேன்,
எனக்கு வேறு பக்கம் தெரியாது.
கட்டை தோளில் வந்து உட்கார்ந்தது.
கன்னம் தேடாமல் இடம் கண்டது.
கண்ணைத் திறந்தால் எதிரே குறிமுள்,
எனக்கு முன்பே வந்து நின்றிருந்ததுபோல.

சேட் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

பெட்டி மூடியின் உட்புறம் ஆர்டர் சீட்டு ஒட்டியிருந்தது:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு. இடது தோள்.
விசையிலிருந்து கட்டைமுனை பதினாலேகால் அங்குலம்.
பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.
மறுநாள் ஜி.ஏ. ரோட்டில்
டெய்லர் தஸ்தகீரிடம் கையை மடக்கி நீட்டினேன்.
பதினாலேகால்.
"இது எதுக்குண்ணே, சட்டையா கோட்டா?"

பயமாகத்தான் இருக்கிறது.
எவனோ ஒரு துரை,
எத்தனை யானையைச் சாய்த்தானோ,
அவன் கைநீளமும் கழுத்துநீளமும்
தண்டையார்பேட்டை வேதமுத்துவிடம் எப்படி வந்தது?

சிலேட்டுக் குச்சியை இந்தக் கையில் பிடித்ததற்கு
ஸ்கேல் விளிம்பால் முட்டியில் வாங்கியிருக்கிறேன்.
பந்தியில் பக்கத்து இலைக்காரன்
இலையோடு நகர்ந்துகொள்வான்.
கத்தரிக்கோல் வெட்டாது.
கிரேன் கேபினில் லிவரெல்லாம் சோத்தாங்கைக்காரனுக்கு;
இடுப்பைத் திருகி உட்கார்ந்தே
முப்பது டன் இறக்கக் கற்றேன்.
அந்தத் திருகலை இப்போது டாக்டர்
எக்ஸ்ரேயில் பேனாவால் தட்டிக் காட்டுகிறார்.
இத்தனை சாமான் உள்ள உலகத்தில் ஒன்றே ஒன்று
என் பக்கம் சாய்ந்து செய்யப்பட்டிருக்கிறது.
அதுவும் கொல்வதற்கு.

"பி.எஃப். பணத்துல முக்காவாசி," என்றாள் ரெஜினா.
"ஒரு ஃபைபர் போட்டு வந்திருக்கும், இன்ஜினோட.
இத வெச்சி எந்த மீனப் புடிப்ப?"

லைசென்ஸ் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம்.
கிளப்பில் குறி சுட, என்று எழுதினேன்.
அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"கொருக்குப்பேட்டையில யானை வருதா?"
"லாரிதான் சார் வருது."
சிரித்தார்.
சிரித்த பிறகும் இரண்டு வருஷம் நாலு மாதம்.

தோட்டா வாங்கவில்லை.
ஒன்றின் விலைக்கு இரண்டு கேஸ் சிலிண்டர்.
ராத்திரி அதை முறித்துத் துடைத்து
ஜன்னல்பக்கம் நீட்டி உள்ளே பார்ப்பேன்.
வெள்ளிப் பள்ளங்கள் சுழன்று சுழன்று போய்
ஒரு குழலின் முடிவில் மணலித் தீ,
மற்றதில்
மாடிக்கொடியில் ரெஜினாவின் நைட்டி.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.
ரசீது எழுதுமுன் ஏட்டு மாசிலாமணி
ஆசையாய் எடுத்துத் தன் வலது தோளில் வைத்தார்.
கட்டை தாடையில் இடித்தது.
"இன்னாய்யா இது, கோணலா கீது?"

"ஆமா சார்" என்றேன்.
நோட்டைத் திருப்பி வைத்தார்.
கையெழுத்துப் போட்டேன்.
மை காயுமுன் கை அதன்மேல் நகர்ந்து,
எப்போதும்போல,
பெயரில் பாதியை இழுத்துக்கொண்டு போனது.