என் பெயர் உள்ள பாதை

பாடாங் செராயில் மழை பிடித்தால்
முதலில் போவது வைஃபை.
ரோடு போவது அப்புறம்தான்.

தராசு ஆபீசின் மேல்மாடி.
கீழே செம்பனைக் குலைகள்
லோரியிலேயே நனைந்து எடை கூடிக்கொண்டிருக்கின்றன.
தவுக்கேவுக்கு அது பிடிக்காது.
மேலே நானும் என் லேப்டாப்பும்
அறுபத்து மூன்று விழுக்காட்டில் நிற்கிறோம்.

எழுத வேண்டியது சின்னச் செயலிதான்.
பெயர், எடை, கழிவு, கையெழுத்து.
ஆனால் அது மூன்று இடத்தில் திறக்க வேண்டும்:
கவுண்டரில் பழைய விண்டோஸ்,
மில்லில் யாரோ லினக்ஸ் போட்டுக் கொடுத்த டப்பா,
தவுக்கேவின் மகள் விட்டுப்போன மேக்.
இங்கே போட்ட எடை அங்கேயும் அதே எடையாக.
இப்போது அப்படி இல்லை,
அதனால்தான் இதில் இறங்கினேன்.

கம்பைலர் வந்தது.
அதற்கு வேண்டிய நூலகம் வந்தது.
நூலகத்துக்கு வேண்டிய இன்னொன்று
பழைய பதிப்பைத்தான் கேட்பேன் என்று அடம்பிடித்து
பிறகு வந்தது.
இரவு ஒரு மணி, மைலோவில் ஆடை கட்டிய நேரம்,
சிவப்பில் ஒரு வரி:
பாதையைக் காணவில்லை.

இருக்கிறதே. கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே.
நான்கு தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.
ஐந்தாவது தடவைதான் உறைத்தது.
லேப்டாப் வாங்கிய அன்று, ஆசையாய்,
பயனர் பெயரைத் தமிழில் அடித்திருந்தேன்:
யாழரசி.
அந்தக் கோப்புறைக்குள் நுழைய
கம்பைலருக்குக் கால் வரவில்லை.
'ழ' வரைக்கும்கூட வரவில்லை அது.
'யா'விலேயே என்னைக்
கேள்விக்குறிகளாக உதிர்த்துவிட்டது.

வேறு வழி?
புதுக் கணக்கு திறந்தேன்.
பெயர்: கிராணி இரண்டு.
ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்.
எல்லாம் ஓடியது,
எதுவுமே நடக்காதது போல.

அது ஓடுகிற நேரத்தில்
எனக்கு முந்திய கிராணியின் எடைப் புத்தகத்தைப் புரட்டினேன்.
பங்களா ஒன்று. பங்களா இரண்டு.
நேப்பாளி, உயரம்.
ராபி. இன்னொரு ராபி.
ஒரு ராபியின் குலைகள்
மற்ற ராபியின் கணக்கில் விழுந்த மாதம்
இந்தக் கவுண்டர் மேசையில்
அறுவாள் ஒன்று வந்து உட்கார்ந்ததாம்.

பெயர்க் கட்டத்தை நீட்டினேன்.
இருநூறு எழுத்து. எந்த மொழி எழுத்தும்.

மூன்றரைக்கு ஜன்னல் திறந்தது.
சாம்பல் நிறம், ஒரு பொத்தான், வேறொன்றுமில்லை.
நான் சொல்வது திரையில்.
சுவரில் இருக்கிற ஜன்னல்
மழையில் உப்பி, திறக்கவேயில்லை.

காலையில் முதல் லோரி.
ரொஃபிகுல் தன் முழுப் பெயரை
போனில், தன் எழுத்தில் காட்டினான்.
பார்த்துப் பார்த்து அடித்தேன்.
விண்டோஸில் வெறும் கட்டங்கள்,
எழுத்துரு போட்டதும் வங்காளம்.
மில்லிலிருந்து படம் பிடித்து அனுப்பினார்கள், வந்திருக்கிறது.
மேக்கில் கேட்காமலே வந்தது,
வசதியான வீட்டுப் பிள்ளை.

ஆயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
மூன்றிலும்.

அவன் எடையைப் பார்க்கவில்லை.
மூக்கு திரையில் படுகிற மாதிரி குனிந்து,
"கடைசி எழுத்து தப்பு, கிராணி" என்றான்.

அழிக்கும் விசையை
அதுவரை நான் சோதித்திருக்கவில்லை.